மறு: 'மிகைச்சுமை' வேண்டாம், 'ஏறுபளு' சரிவருமா?

வணக்கம் நண்பர்களே,

எடைப் பயிற்சிச் செயலியைத் தமிழாக்கும்போது 'progressive overload' என்பதற்கு, அதாவது பளுவைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகும் முறைக்கு, என்ன பெயர் வைப்பது என்ற கேள்விக்கு என் பதில் இது.

> 'முற்போக்கு மிகைச்சுமை' என்று நேரடியாகவே வைத்துவிடலாமே?

வைத்தால் ஜிம்முக்குப் போகிறவர் ஏதோ கட்சி மாநாடு என்று நினைத்துக்கொள்வார். 'முற்போக்கு' அரசியலுக்குப் போய் ரொம்ப நாளாயிற்று. 'மிகைச்சுமை' அதைவிடச் சிக்கல். செயலியில் 'இன்று மிகைச்சுமை' என்று வந்தால், லாரியை மடக்கி அபராதம் போடுகிற காட்சிதான் கண்ணுக்கு வருகிறது. தாங்க முடியாத அளவையா தூக்கச் சொல்கிறோம்? உடம்பு பழகிப்போன அளவைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். பாரின் (எடை மாட்டும் கம்பியின்) இரண்டு பக்கமும் 1.25 கிலோ பிளேட் ஒவ்வொன்று சேர்த்தால் கதை முடிந்தது.

இந்த முறையை மருத்துவத்தில் ஒழுங்குபடுத்திய அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலார்மும் பெயரை மாற்றியிருக்கிறார். போரில் அடிபட்ட வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்து 1945இல் எழுதிய கட்டுரையின் தலைப்பில் 'கனமான தடை' என்று இருந்தது (தடை என்றால் இங்கே தசை எதிர்த்து இயங்க வேண்டிய பளு). 1948இல் வாட்கின்ஸ் என்ற இன்னொரு மருத்துவரோடு சேர்ந்து எழுதியதில் அது 'படிப்படியாகக் கூடும் தடை' ஆகிவிட்டது. கனம் போய் ஏற்றம் வந்தது. நாமும் அதையே பிடித்துக்கொள்ளலாம்.

என் பரிந்துரை: ஏறுபளு. ஏறுவரிசை மாதிரி வினைத்தொகை. நடுவில் 'ப்' போட்டுவிடாதீர்கள். ஏறிய பளு, ஏறுகிற பளு, ஏறும் பளு என்று மூன்று காலத்துக்கும் விரியும். செயலி காட்டுவதும் அந்த மூன்றைத்தானே: போன வாரம் தூக்கியது, இன்று தூக்குவது, அடுத்து தூக்க வேண்டியது.

> பளு என்றால் கிலோ மட்டும்தானே? எடையைக் கூட்டாமல் தடவையைக் கூட்டினால் என்ன சொல்வது?

நல்ல கேள்வி. ஆனால் 'பணிப்பளு' என்கிறோமே, அதைத் தராசில் நிறுத்தா சொல்கிறோம்? என் ஸ்குவாட் (பளுவோடு உட்கார்ந்து எழும் பயிற்சி) கணக்கையே பாருங்கள். 40 கிலோ, 8 தடவை, 3 செட் (அந்த எட்டையும் ஓய்வு விட்டு மூன்று முறை): பெருக்கினால் மொத்தம் 960 கிலோ. தடவையை 9 ஆக்கினேன், 1080. அப்புறம் எடையை 42.5 ஆக்கி மறுபடி 8 தடவைக்கு வந்தேன், 1020. செயலியின் வரைபடத்தில் கோடு கீழே இறங்கியதும் எனக்குப் பகீரென்றது. உண்மையில் நான் ஏறித்தான் இருந்தேன். அதனால் 'ஏறுபளு' திட்டத்தின் பெயராக இருக்கட்டும். அந்தக் கோட்டுக்கு 'மொத்தப் பளு' என்று தனியாகப் போடலாம்.

'வளர்பளு' சொன்ன நண்பருக்கு: வளர்பிறை மாதிரி காதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான்கைந்து வாரத்துக்கு ஒருமுறை வேண்டுமென்றே பளுவைக் குறைக்கும் வாரம் ஒன்று வருமே, அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? 'தேய்பளு' என்றால் ஆளே தேய்ந்துபோன மாதிரி இருக்கும். 'ஏறுபளு'வுக்கு 'இறங்குபளு' தானாகவே ஜோடி சேர்கிறது. பொத்தானிலும் நான்கே எழுத்து.

'rep' என்பதற்குத் 'தடவை'யை மொழிபெயர்ப்பில் ஏற்றிவிட்டேன். 'செட்'டை மட்டும் தொடவில்லை. அதற்குச் 'சுற்று' என்று போட்டால், பல பயிற்சிகளை வரிசையாகச் செய்து திரும்ப முதலிலிருந்து தொடங்குவதற்குச் சொல் இல்லாமல் போகும். செட்டுக்கு வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள், ஞாயிறுக்குள் மாற்றிவிடலாம்.