மூடிய கிடங்கிலிருந்து 10 யூனிட்: ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பிஎச்.டி.யில் இன்னும் உறுத்தும் இடங்கள்

கிளைமரம்:
எந்தக் கிடங்கைத் திறப்பது என்று கேட்கும் வழக்கமான மாடல்தான். மூடிய கிடங்கிலிருந்து சரக்கு போகாமல் தடுக்கும் கன்ஸ்ட்ரெய்ன்ட் (நிபந்தனை): சரக்கு ≤ எம் × பைனரி மாறி; கிடங்கு திறந்தால் மாறி 1, மூடினால் 0. அந்த எம், அதாவது பிக்-எம், 10,00,000. சால்வர் (மாடலைத் தீர்க்கும் மென்பொருள்) ஆப்டிமல், இதைவிடச் சிறந்த விடை இல்லை என்று முடித்துவிட்டது; கேப், அதாவது கிடைத்த தீர்வுக்கும் கீழ்வரம்புக்கும் (செலவு இதற்குக் கீழே போக முடியாது என்ற எல்லை) உள்ள இடைவெளி, 0.00%. விடையை அச்சிட்டால், மூடியிருக்கும் கிடங்கு ஒன்றிலிருந்து 10 யூனிட் சரக்கு வெளியே போகிறது!

பைனரி மாறியை எல்லா இலக்கத்தோடும் அச்சிட்டால் விஷயம் புரியும்: 0.00001. குரோபி என்ற சால்வரில் முழு எண்ணுக்கான டாலரன்ஸ் (பொறுத்துக்கொள்ளும் பிழை) இயல்பாகவே அவ்வளவுதான். அதற்குள் இருந்தால் பூஜ்யம் என்றே ஏற்றுக்கொள்ளும். 10,00,000-ஐ அதால் பெருக்குங்கள், சரியாக 10. திறப்புச் செலவிலும் லட்சத்தில் ஒரு பங்கு மட்டுமே ஏறியிருக்கும். சால்வர் சொன்ன சொல் தவறவில்லை, எம் தான் தவறு. சரக்கு போய்ச் சேரும் வாடிக்கையாளரின் தேவை 40 என்றால் எம்மும் 40 தான் இருக்க வேண்டும். டாலரன்ஸை 0.000000001 வரை இறுக்கலாம். ஓட்டம் மெதுவாகும், நோய் அப்படியே இருக்கும்.

ஆய்வேட்டில் அட்டவணை போடும் முன் ஒரு சோதனை: பைனரிகளை எல்லாம் 0 அல்லது 1 ஆக முழுமையாக்கி, அங்கேயே பூட்டி, மீதி எல்பி-யை (முழு எண் நிபந்தனை இல்லாத நேரியல் கணக்கை) மறுபடி தீர்க்க வேண்டும். தீர்வே இல்லை என்று வந்தாலோ செலவு ஏறினாலோ அந்த அட்டவணையை நம்ப முடியாது.

இரட்டைமாறி:
எம்மைத் தேவை அளவுக்குக் குறைப்பது சரிதான், ஆனால் அதன் விலையைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். 200 கிடங்கு, 1,000 வாடிக்கையாளர் என்றால் கிடங்குக்கு ஒன்றாக 200 கன்ஸ்ட்ரெய்ன்ட் இருந்த இடத்தில் கிடங்கு-வாடிக்கையாளர் ஜோடிக்கு ஒன்றாக 2,00,000 வந்து நிற்கும். ரூட் எல்பி (பின்ன விடை வந்தால் கணக்கைக் கிளைகளாகப் பிரிப்பார்கள், அதற்கு முன் தீர்க்கும் முதல் எல்பி) முடியவே நேரம் போய்விடும். மீறப்படும் கன்ஸ்ட்ரெய்ன்ட்டை மட்டும் ஓட்டத்தின் நடுவே கட்டாகச் சேர்ப்பதுதான் பெரிய அளவுகளில் நடக்கிற வழி.

எனக்கு உறுத்தும் விஷயம் காலம்ன் ஜெனரேஷனில்: மாஸ்டர் என்ற எல்பி கையில் உள்ள பாதைகளை மட்டும் வைத்துத் தீர்க்கும்; அதன் டூயல்களை (கன்ஸ்ட்ரெய்ன்ட்டுகளின் நிழல் விலைகளை) வைத்து ப்ரைசிங் புதுப் பாதை தேடும்; ரெட்யூஸ்டு காஸ்ட் (பாதையின் செலவில் டூயல்களைக் கழித்த மீதி) நெகட்டிவ் என்றால் அந்தப் பாதை மாஸ்டரில் சேரும். வண்டிப் பாதைக் கணக்கு. ப்ரைசிங் ஒரே பாதையை 40 சுற்றாகத் திருப்பித் திருப்பிக் கொடுக்கிறது, ஒவ்வொரு முறையும் ரெட்யூஸ்டு காஸ்ட் -12.7. மாஸ்டரில் ஏற்கெனவே இருக்கும் பாதைக்கு, மாஸ்டர் ஆப்டிமலான பிறகு ரெட்யூஸ்டு காஸ்ட் நெகட்டிவாக இருக்கவே முடியாது. அப்படி வந்தால் மாஸ்டர் ஒரு கணக்கும் ப்ரைசிங் இன்னொரு கணக்கும் போடுகின்றன என்று பொருள். பெரும்பாலும் வண்டி எண்ணிக்கை கன்ஸ்ட்ரெய்ன்ட்டின் டூயலைக் கழிக்க மறந்திருப்போம். கிளை பிரித்த பிறகு மட்டும் இது தொடங்கினால், கிளைக்கு உரிய டூயல்தான் விடுபட்டிருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் மாஸ்டரில் உள்ள எல்லாப் பாதைகளுக்கும் ரெட்யூஸ்டு காஸ்ட்டைக் கையால் எழுதிய சூத்திரத்தில் கணக்கிட்டு, சால்வர் தருவதோடு ஒப்பிடும் பத்து வரி சோதனையை முதல் நாளே எழுதிவைப்பது நல்லது.

ஹியூரிஸ்டிக் (உத்தரவாதமில்லாத விரைவு வழி) ப்ரைசிங் எதுவும் கிடைக்கவில்லை என்று நின்றால் அந்த இடத்தில் உள்ள மதிப்பு கீழ்வரம்பு ஆகாது. துல்லியமான ப்ரைசிங் ஒரு முறையாவது ஓடியே தீர வேண்டும்.

வண்டிப்பாதை:
827.3-ஆ, 828.94-ஆ? நேர வரம்புள்ள வண்டிப் பாதைக்கான சோதனைக் கணக்குகள் அடங்கிய சாலமனின் 1987 தொகுப்பு, அதில் 100 வாடிக்கையாளர் உள்ள சி101, மொத்தத் தூரம். இரண்டு எண்ணும் அச்சில் இருக்கின்றன, இரண்டும் சரி. துல்லிய முறைக்காரர்கள் தூரத்தை ஒரு தசம இலக்கத்தோடு வெட்டுகிறார்கள். ஹியூரிஸ்டிக்காரர்கள் முழுத் தசமத்தோடு ஓட்டுகிறார்கள். வெட்டிய தூரத்தில் ஓட்டிவிட்டு 828.94-ஐ முறியடித்ததாக எழுதிய வரைவு ரிவ்யூவரிடம் போனால் அந்த ஒரு வரியிலேயே திரும்பி வரும்.

அதே தொகுப்பின் ஆர்101 இன்னும் மோசம். ஒரு பக்கம் 20 வண்டி, 1637.7. இன்னொரு பக்கம் 19 வண்டி, 1650.80. இங்கே ரவுண்டிங் மட்டும் காரணமில்லை, நோக்கமே வேறு: ஒருவர் தூரத்தை மட்டும் குறைக்கிறார், மற்றவர் முதலில் வண்டியைக் குறைத்துவிட்டுத்தான் தூரத்துக்கு வருகிறார். எந்த மரபு என்று அட்டவணைத் தலைப்பிலேயே எழுதுங்கள். தசமத்தை வெட்டினால் முக்கோணச் சமனின்மை (நேர் வழி சுற்று வழியைவிட நீளாது என்பது) சில இடங்களில் உடையும் என்பதையும் கவனியுங்கள். அதை நம்பி எழுதிய டாமினன்ஸ் விதி (ப்ரைசிங்கில் மோசமான பாதிப் பாதைகளை நீக்கும் விதி) தேவையான லேபிளையே, அதாவது பாதிப் பாதையையே, தூக்கி எறிந்துவிடும்.

மூலைப்புள்ளி:
மேலே யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மூன்று பதிவும் கடைசியில் வந்து நிற்பது அட்டவணையில். கண்ணில் நிற்பது இதுதான்: கன்ஸ்ட்ரெய்ன்ட்டுகளின் வரிசையை மட்டும் மாற்றினார்கள், கணிதம் அதே, சில நிமிடத்தில் முடிந்த கணக்கு ஒரு மணி நேர வரம்பில் முட்டி நின்றது.

அதனால் ரேண்டம் சீட் (சால்வரின் தற்செயல் தேர்வுகளைத் தொடங்கும் எண்) ஒன்றோடு நிறுத்தாதீர்கள், ஐந்தாவது வேண்டும். ஐந்துக்குள்ளேயே உங்கள் முறையின் லாபம் தொலைந்துபோனால் அது லாபமே இல்லை. ஒப்பிடும் இரு பக்கத்துக்கும் த்ரெட் (இணையாக ஓடும் இழை) எண்ணிக்கை ஒன்றாக இருக்கட்டும். ஒன்றே ஒன்று என்றால் இன்னும் நல்லது. சராசரியில் ஏமாறாதீர்கள். 2 விநாடி ஒரு கணக்கு, 3,600-இல் வெட்டப்பட்டது இன்னொன்று: கூட்டுச் சராசரி 1,801, அதாவது இரண்டாவது கணக்கு மட்டுமே பேசுகிறது. ஒவ்வொரு நேரத்தோடும் 10 கூட்டி, பெருக்குச் சராசரி (இரண்டு எண் என்றால் பெருக்கலின் வர்க்கமூலம்) எடுத்து, 10-ஐக் கழித்தால் சுமார் 198. கூட்டிய 10 எதற்கு என்றால், 0.1-க்கும் 0.2-க்கும் உள்ள வேறுபாடு இரட்டிப்பு வேகம் என்று கணக்கில் ஏறாமல் இருக்க. வரம்பில் வெட்டப்பட்டவை எத்தனை என்பதைத் தனி நெடுவரிசையில் போடுங்கள்.

கேப்பிலும் குழி உண்டு. கிடைத்த தீர்வு 120, கீழ்வரம்பு 100. தீர்வால் வகுத்தால் 16.7%, வரம்பால் வகுத்தால் 20%. குரோபி தீர்வால் வகுக்கிறது; உங்கள் சொந்த நிரல் எதால் வகுக்கிறது என்று பார்த்தீர்களா? பாராமீட்டரைச் சரிசெய்த அதே கணக்குகளை முடிவு அட்டவணையில் சேர்க்காதீர்கள், அவற்றைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். சால்வர் பதிப்பு எண்ணும் முழு லாக் கோப்பும் கையில் இருக்கட்டும். ரிவிஷன் வரும்போது சர்வரில் புதுப் பதிப்பு ஏறியிருக்கும், பழைய எண் திரும்ப வராது.

கிளைமரம்:
@இரட்டைமாறி, 2,00,000 என்பது உண்மைதான். ஆனால் 200 கன்ஸ்ட்ரெய்ன்ட் வடிவத்திலும் 10,00,000 தேவையில்லையே, கிடங்கின் கொள்ளளவை வைத்தாலே சரக்குக் கசிவு பெரிதும் அடங்கும். எல்பி தளர்வாக இருப்பது வேறு பிரச்சினை, விடை பொய்யாவது வேறு. இன்டிகேட்டர் கன்ஸ்ட்ரெய்ன்ட் (பைனரி 0 என்றால் சரக்கும் 0 என்று எம் இல்லாமல் நேரடியாகச் சொல்வது) போடலாம் என்று அடுத்து யாராவது சொல்வார்கள்: அதில் கசிவு குறையும், ஆனால் மாறிகளுக்கு நல்ல மேல்வரம்பு கொடுக்காவிட்டால் கீழ்வரம்பு நகரவே நகராது.

முழுச்சுற்று:
டாலரன்ஸ் பற்றிய பேச்சு என்பதால் இதையும் வைக்கிறேன். டிஎஸ்பி, அதாவது எல்லா நகரத்துக்கும் ஒருமுறை போய்த் திரும்பும் மிகக் குறுகிய சுற்று; சப்டூர்களை (எல்லா நகரத்தையும் தொடாத குட்டிச் சுற்றுகளை) கால்பேக்கில், அதாவது சால்வர் ஓட்டத்தின் நடுவே அழைக்கும் நம் நிரல்துண்டில், வெட்டும் நிரல். விளிம்பு தேர்வானதா என்று மதிப்பு 1-க்குச் சமமா எனப் பார்க்கிறது. பெர்லின்52 (52 இடங்கள் உள்ள சோதனைக் கணக்கு) போன்ற சின்னக் கணக்கில் 7,542 என்று சரியாக முடிகிறது, நம்பிக்கை வந்துவிடுகிறது. பெரிய கணக்கில் ஒரு விளிம்பு 0.9999998 என்று வருகிறது. அது பட்டியலில் ஏறாது, அடுத்த நகரம் கிடைக்காமல் சுற்றைத் தேடும் லூப் நடுவழியில் நிற்கிறது. 0.5-க்கு மேலா என்று கேட்க வேண்டும்.