எனம் ஸ்விட்ச்சில் எல்லா கேஸும் எழுதியும் ஜிசிசி கம்பைலர் வார்னிங் – பில்டு நிற்கிறது, உதவி தேவை

அஞ்சுவோல்ட்:
வணக்கம். ஏவிஆர் மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, 16 மெகாஹெர்ட்ஸ், சி மொழி. சீரியல் வேகத்துக்கு ஒரு எனம் (எண்களுக்குப் பெயர் வைக்கிற டைப்), அதுல மூணே பெயர்: 9600, 19200, 38400 வேகங்களுக்கு, உள்ளே 0, 1, 2. ஸ்விட்ச்ல மூணு கேஸ், 'டிவ்'ங்கிற வேரியபிளுக்கு முறையே 103, 51, 25. டிஃபால்ட் போடல. ஸ்விட்ச் முடிஞ்சதும் டிவ்வை பாட்ரேட் ரெஜிஸ்டர்ல (சீரியல் வேகத்தை முடிவு பண்ற இடம்) எழுதுறேன். அவ்ளோதான் ஃபங்ஷனே.

மைனஸ் ஓ-எஸ் (அளவைக் குறைக்கிற ஆப்டிமைசேஷன்) போட்டு கம்பைல் பண்ணினா டிவ்வுக்கு 'மேபி அன்இனிஷியலைஸ்டு' (மதிப்பு வைக்காமலே பயன்படுத்தலாம்) வார்னிங் வருது. ஆப்டிமைசேஷன் இல்லாத ஓ-0ல சத்தமே இல்ல. வார்னிங்கையும் எரரா எடுக்கிற வெர்ரர் ஃபிளாக் இருக்கறதால பில்டு அங்கேயே நிக்குது, அதை எடுக்க லீடு ஒத்துக்க மாட்டார். எல்லா கேஸும் எழுதியாச்சு, இதுக்கு இன்னும் என்னதான் வேணும்? (ஆபீஸ் கோடு, ஒட்ட முடியாது.)

கீபோர்டுதட்டி:
டிக்ளேர் பண்ற இடத்துலயே டிவ் = 0 போடுங்க ப்ரோ. வார்னிங் காலி.

பழையமரம்:
வார்னிங் காலிதான். ஆனால் அந்த ரெஜிஸ்டரில் 0 போனால் 16 மெகாஹெர்ட்ஸில் வேகம் 10 லட்சம் பாட். எதிர்முனையில் குப்பை எழுத்தாகக் கொட்டும், ஏனென்று எந்தக் கருவியும் சொல்லாது.

எனம் வேரியபிள் சி மொழியில் வெறும் முழு எண்தான். நீங்கள் மூன்று பெயர் வைத்திருந்தாலும் அதில் 7 இருக்கலாம், அது சட்டப்படி சரி. ஜிசிசி அதை மனதில் வைத்துத்தான் "எந்த கேஸிலும் நுழையாத வழி ஒன்று உண்டே" என்கிறது. கிளாங் என்ற இன்னொரு கம்பைலர் இப்படியான ஸ்விட்ச்சை முழுமையானது என்று எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விடும். ஓ-0வில் வராததற்குக் காரணம், இந்த வார்னிங்குக்கான அலசல் ஆப்டிமைசேஷன் இருந்தால்தான் நடக்கும்.

அந்த மதிப்பு எங்கிருந்து வருகிறது? ஈப்ராம் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) என்றால், அழித்த செல்லைப் படித்தால் 255 வரும்.

அஞ்சுவோல்ட்:
ஈப்ராம்தான் அண்ணே. ஆனா படிக்கிற இடத்துலயே 0-2க்குள்ள இருக்கான்னு செக் இருக்கு, இல்லன்னா 9600. அது வேற ஃபைல்.

பழையமரம்:
அப்படியானால் உங்கள் வரைக்கும் இது வீண் வார்னிங்தான். இந்த ஃபைலைக் கம்பைல் செய்யும்போது அந்த செக் அதன் கண்ணுக்குத் தெரியாது.

மதுரைக்கார_சி:
ஸ்விட்ச்சுக்குக் கீழ பில்டின் அன்ரீச்சபிள் ('இங்க வரவே வராது'ன்னு கம்பைலருக்குச் சொல்றது) போட்டா போதாதா?

பழையமரம்:
போதும், ஆனால் அது வாக்குறுதி. நாளை எவராவது ஈப்ராம் செக்கைத் தூக்கிவிட்டு 255 உள்ளே வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வரையறையே கிடையாது. டிஃபால்ட் போடுவதும் வேண்டாம். நாலாவது வேகம் சேர்த்து கேஸ் எழுத மறந்தால் எச்சரிக்கும் 'ஸ்விட்ச்' வார்னிங், டிஃபால்ட் இருந்தால் வாயை மூடிக்கொள்ளும்.

நான் செய்வது: ஸ்விட்ச்சைத் தனி ஸ்டாட்டிக் ஃபங்ஷனாக்கி, ஒவ்வொரு கேஸிலும் நேராக ரிட்டர்ன். ஸ்விட்ச்சுக்கு வெளியே கடைசி வரியாக அபார்ட் (புரோகிராமை அங்கேயே நிறுத்தும் ஃபங்ஷன்). டிவ் வேரியபிளே வேண்டாம், அதனால் அந்த வார்னிங்குக்கு இடமில்லை. அபார்ட் திரும்பி வராது என்று கம்பைலருக்குத் தெரியும் என்பதால் 'ரிட்டர்ன் டைப்' வார்னிங்கும் வராது. ஏவிஆருக்கான சி லைப்ரரியான ஏவிஆர் லிப்சியில் அபார்ட் முடிவில்லாத லூப்பில் நின்றுவிடும், வாட்ச்டாக் (சிப் மாட்டிக்கொண்டால் ரீசெட் செய்யும் டைமர்) வைத்திருந்தால் ரீசெட் ஆகும்.

மதுரைக்கார_சி:
எனக்கு வெண்டர் கொடுத்த ஃபைல்லயே இது வருது, அதைத் தொட முடியாது.

பழையமரம்:
அந்த ஃபைலுக்கு மட்டும் மேக்ஃபைலில் 'நோ எரர் ஈக்குவல்ஸ்' போட்டு இந்த ஒரு வார்னிங்கை எரர் ஆகாமல் விடுங்கள். சொந்த கோடில் சில வரிகளுக்கு மட்டும் வார்னிங்கை அணைக்க பிராக்மா புஷ், இக்னோர்டு, பாப் போடுபவர்கள் கவனிக்க: வார்னிங் வேரியபிளைப் பயன்படுத்தும் வரியில்தான் விழும். டிக்ளேர் செய்த வரியைச் சுற்றிப் போட்டுவிட்டு "வேலை செய்யல" என்று வராதீர்கள்.

லினக்ஸ் கெர்னலிலேயே இதற்கென்று ஒரு மேக்ரோ இருந்தது, வேரியபிளை அதற்கே அசைன் செய்வது மாதிரி. நிஜ பிழைகளையும் மறைத்ததால் 2020ல் எடுத்துவிட்டார்கள். அதே வருடம் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இந்த வார்னிங்கையே சாதாரண பில்டில் அணைத்தார்.

அஞ்சுவோல்ட்:
தனி ஃபங்ஷன் + அபார்ட், ஓ-எஸ்ல சுத்தமா கம்பைல் ஆச்சு. சும்மா எனம்ல 57600 சேர்த்துப் பார்த்தேன், கேஸ் இல்லன்னு உடனே பில்டை நிறுத்திடுச்சு. நன்றி அண்ணே.

பழையமரம்:
57600ஐ நிஜமாகவே சேர்ப்பதானால் 16 போடாதீர்கள், 2.1% பிழை வரும். யூ-2-எக்ஸ் பிட்டை (சீரியல் வேகத்தை இரட்டிப்பாக்குவது) ஆன் செய்து 34 போட்டால் பிழை 0.8%தான்.