எல்லவில் 4 ரூம் கெஸ்ட் ஹவுஸ்: இன்னும் 2 ரூமுக்கு லோன் எடுக்கலாமா?

எல்ல_வாசி: வணக்கம். இலங்கை மலைநாட்டு ஊரான எல்லவுல 4 ரூம் கெஸ்ட் ஹவுஸ் நடத்துறேன். 2019 குண்டுவெடிப்பு, கொரோனா, 2022 பெட்ரோல் வரிசை, 2025 நவம்பர் டித்வா புயல்னு அடி மேல அடி. இந்த நிலைமையில 2 ரூம் கூட்டிக் கட்டலாமா? வாடகையை டாலர்ல போடுறதா, ரூபாயிலயா?

கணக்குப்பிள்ளை: மாசச் செலவைக் கட்ட எத்தனை இரவு ரூம் போகணும்னு முதல்ல பாருங்க. உதாரணத்துக்கு, தவணை 60,000, சம்பளம் 50,000, கரண்ட், தண்ணி, இன்டர்நெட் 20,000. ஆள் வந்தாலும் வராட்டியும் 130,000 போயிடும். ரூம் 7,000ன்னா புக்கிங் தளத்துக்கு 15 சதவீதம், 1,050. காலைச் சாப்பாடும் சலவையும் 1,450. கையில நிக்கிறது 4,500. அப்போ மாசம் 29 இரவு வேணும். 4 ரூமுக்கு 120 இரவு, அதுல கால்வாசி.

கால்வாசிதானேன்னு நினைக்காதீங்க. 2018ல நாட்டுக்கு 23.3 இலட்சம் வெளிநாட்டுப் பயணிகள் வந்தாங்க. 2020ல 5 இலட்சம். 2021ல 2 இலட்சம்கூட இல்ல, பன்னிரண்டுல ஒரு பங்கு. அதனால 6 மாசச் செலவு, 780,000, பேங்க்ல கிடக்கணும். அது சேராம அத்திவாரம் வெட்டாதீங்க. வட்டி மாறுற லோன் வேண்டவே வேண்டாம். 2022 ஏப்ரல்ல மத்திய வங்கி கொள்கை வட்டியை (பேங்க் வட்டியெல்லாம் இதைப் பார்த்துத்தான் ஏறும், இறங்கும்) ஒரே தடவையில 7 சதவீதப் புள்ளி கூட்டிச்சு.

நானுஓயா_பக்கம்: வெளிநாட்டாருக்கு டாலர், நம்ம ஆட்களுக்கு ரூபா. 2022 மார்ச் தொடக்கத்துல 200 ரூபாயா இருந்த டாலர், மே மாசம் 360. 6,000 ரூபா ரூம் 30 டாலர்ல இருந்து 17க்கு இறங்கிச்சு. 2021 கடைசியில 177 ரூபா வித்த பெட்ரோல், 2022 ஜூன் கடைசியில 470. ரூம் மலிஞ்சா கூட்டம் வரும்னு பலர் நம்பினாங்க. வரல. வேன்ல பெட்ரோல் இல்ல, ராத்திரி கரண்ட் இல்லன்னா எல்லவுக்கு யார் ஏறி வருவா? வரிசை ஒழிஞ்ச பிறகுதான், 2023ல, நாட்டுக்கு வந்தவங்க எண்ணிக்கை 14.8 இலட்சத்துக்கு ஏறிச்சு.

சீதாஎலிய: கணக்குப்பிள்ளை அண்ணா சொன்னதோட இன்னொண்ணு. ஒரே நாட்டை நம்பாதீங்க. 2022 ஜனவரியில அதிகம் பேர் வந்தது ரஷ்யாவுல இருந்து, உக்ரேனும் முன்வரிசையில. அடுத்த மாசமே சண்டை. மார்ச்ல விசா, மாஸ்டர்கார்டுங்கிற கார்டு கம்பெனிகள் ரஷ்யாவுல சேவையை நிறுத்தினதால, ரஷ்யக்காரங்க கார்டு இங்க வேலை செய்யல. ஐரோப்பியர் டிசம்பர்–மார்ச், பிறகு ஜூலை–ஆகஸ்ட். நடுவுல ஏப்ரல்–ஜூன் இந்தியப் பள்ளி விடுமுறை. நுவரெலியா பக்கத்துச் சீதையம்மன் கோயிலுக்கு வர்ற அந்த ஆட்களுக்குச் சைவத்துக்குத் தனிச்சட்டி, தனிக்கரண்டி வைக்கணும், அதைப் புக்கிங் தளத்து லிஸ்டிங்லயும் எழுதணும். ஏப்ரல் சீசன், போயா (பௌர்ணமி) லீவுக்கு உள்ளூர்க் குடும்பங்கள். புயல்ல மலையக ரயில் பாதை துண்டான மாதிரி ஆனா வேன்ல வர்ற வழியை முன்கூட்டியே எழுதி அனுப்புங்க, பாதி கேன்சல் நிக்கும்.

எல்ல_வாசி: நன்றி. ரூம் வேலையைத் தள்ளிப் போடுறேன். அந்த 780,000ஐ எப்படிப் போடுறது?

கணக்குப்பிள்ளை: மூணு துண்டா, 260,000 வீதம், 3 மாச நிலையான வைப்புல, மாசத்துக்கு ஒண்ணா போடுங்க. மாசா மாசம் ஒண்ணு முதிரும், அவசரத்துக்கு எல்லாத்தையும் முறிக்க வேண்டி வராது.