மறுமொழி: வைரசு போன பிறகும் கலத்திலை நிக்கிற மாற்றத்துக்குத் தமிழ்ச்சொல் – "மேற்சுவடு" எண்டு வைப்பமோ?

மாஸ்ரருக்கும் மற்ற எல்லாருக்கும் வணக்கம்.

இந்த இழையிலை வந்த எல்லாத்தையும் ஆறுதலாய் வாசிச்சன். எபிஜெனெற்றிக்ஸ் (டீ.என்.ஏ எழுத்து மாறாமல், அது வாசிக்கப்படுற விதம் மட்டும் மாறுறது) எண்டதுக்கு மேல்மரபியல், புறமரபியல், மேற்பிறப்புரிமையியல் எண்டு மூண்டு சொல்லு முன்னுக்கு நிக்குது. மூண்டும் ஆராவது யோசிச்சுப் போட்ட சொல்லுத்தான், ஆனால் வைரசுத் தொற்றுக்குப் பிறகு நிர்ப்பீடனக் கலங்களுக்கை (நோயை எதிர்க்கிற கலங்கள்) நடக்கிறதை எழுதப்போனால் மூண்டும் சனத்தைப் பிழையான பக்கம் கொண்டுபோயிடும் எண்டதுதான் என்ரை நிலைப்பாடு, ஏனெண்டால் மரபு, பிறப்புரிமை எண்டு கேட்ட உடனை எங்கடை ஆக்கள் தாய் தேப்பனிட்டை இருந்து பிள்ளைக்கு வாறதைத்தான் நினைப்பினம். இஞ்சை நடக்கிறது அது இல்லை.

> தம்பி, மூலச்சொல்லின் உள்ளே ஜீன் இருக்குது. அதை விட்டுப்போட்டுச் சொல் ஆக்கினால் கருத்துக் குறையாதோ?

மாஸ்ரர், வடிங்டன் எண்ட உயிரியலாளர் எபிஜெனெற்றிக்ஸ் எண்ட அந்தச் சொல்லை 1942 இலை கொண்டுவரேக்கை டீ.என்.ஏ இன்ரை வடிவமே ஆருக்கும் தெரியாது, அது 1953 இலைதானே வந்தது. அவர் கேட்ட கேள்வி, ஒரே ஒரு கருக்கட்டின முட்டையிலை இருந்து தோலும் நரம்பும் ஈரலும் எப்பிடி வேறவேறயாய் வருது எண்டது. இண்டைக்கு அந்தச் சொல்லை நாங்கள் பாவிக்கிறது வேற ஒரு பொருளிலை. அதாலை மூலச்சொல்லை உடைச்சு உடைச்சு மொழிபெயர்க்கிறதை விட, நடக்கிற விசயத்தைப் பாத்துப் பேர் வைக்கிறதுதான் நல்லது எண்டு நினைக்கிறன்.

என்ன நடக்குது எண்டதை ஒருக்கா வடிவாய்ச் சொல்லிப்போடுறன், சொல்லு அதிலை இருந்துதான் வரவேணும். ஒரு கலத்துக்கை கிட்டத்தட்ட 2 மீற்றர் நீளமான டீ.என்.ஏ இருக்குது. அது ஹிஸ்ரோன் எண்ட புரதங்களைச் சுத்திச் சுத்தி, ஒவ்வொரு சுத்துக்கட்டுக்கும் 147 சோடி எழுத்து எண்ட அளவிலை கிடக்குது. சுத்து இறுக்கமாய் இருக்கிற இடத்திலை உள்ள பரம்பரையலகை (ஜீனை) வாசிக்கேலாது, தளர்ந்த இடத்திலை வாசிக்கலாம். டீ.என்.ஏ இன்ரை எழுத்துகளிலை ஒண்டான சைற்றோசினுக்கு மேலை மெதைல் எண்ட சின்ன வேதிக்கூட்டம் வந்து ஒட்டினால் பெரும்பாலும் அந்த இடம் அடங்கிப்போகும், ஹிஸ்ரோனிலை அசற்றைல் எண்ட இன்னொரு கூட்டம் ஒட்டினால் தளரும். எழுத்திலை ஒண்டும் மாறாது. எழுத்துக்கு மேலை படியிற அடையாளம் மட்டும்தான் மாறுது.

இனி வைரசு. ஒரு வைரசு உள்ளுக்கு வந்தால் மொனோசைற் (ஒருவகை வெண்குருதிக் கலம்) மாதிரிக் கலங்கள் இன்ரஃபெரோன், சைற்றோகைன் எண்டு மற்றக் கலங்களுக்குச் சேதி சொல்லுற புரதங்கள் கனக்கத்தைச் செய்ய வேண்டிவரும், அதுக்குரிய பரம்பரையலகுகள் எல்லாம் அவிழும். வைரசு போன பிறகு எல்லாம் பழையபடி மூடவேணும் எண்டுதான் முந்தி நினைச்சிருந்தவை. ஆனால் சில இடம் முழுக்க மூடாமல் நிக்குது, அந்த அடையாளங்களும் அப்பிடியே கிடக்குது, ஒருக்கா தண்ணி பாய்ஞ்ச வாய்க்காலிலை அடுத்தமுறை இறைக்கேக்கை தண்ணி கெதியாய் ஓடுற மாதிரி, அடுத்த கிருமி (அது வேற கிருமியாய் இருந்தாலும்) வரேக்கை அந்தக் கலம் கெதியாயும் கூடவாயும் எதிர்வினை காட்டுது.

இதிலை எனக்கு மிகவும் பிடிச்ச இடம் இதுதான், கொஞ்சம் நிண்டு பாருங்கோ. மொனோசைற் ஒண்டு இரத்தத்திலை ஒரு சில நாள்தான் உயிரோடை இருக்கும். அப்ப மாதக்கணக்காய் இந்த மாற்றம் எப்பிடி நிக்குது? பதில் என்பு மச்சையிலை (எலும்புக்குள்ளை இரத்தக் கலங்கள் உருவாகிற இடத்திலை) இருக்குது. அங்கை உள்ள, மற்ற இரத்தக் கலங்களை உருவாக்கிற குருத்துக்கலங்களிலேயே அடையாளம் பதிஞ்சிட்டால், பிறகு அதிலை இருந்து புதிசு புதிசாய் வாற மொனோசைற் எல்லாம் அந்த அடையாளத்தோடையே வருது, அவை அந்த வைரசை ஒருநாளும் கண்டிராட்டிலும்! 2023 இலை செல் எண்ட ஆய்விதழிலை வந்த வேலையொண்டிலை, கடுமையான கோவிட் வந்து சுகப்பட்ட ஆக்களின்ரை இரத்தத்திலை ஓடித்திரியிற கொஞ்சக் குருத்துக்கலங்களைப் பிடிச்சுப் பாத்து (என்பிலை ஊசி போடத் தேவையில்லாமல்) ஒரு வருசம் வரைக்கும் இந்த மாற்றம் நிக்கிறதைக் காட்டினவை. இன்ரலூக்கின் 6 எண்ட சைற்றோகைன்தான் இதிலை முக்கியமான ஒரு ஆள், எலியிலை அது கலத்திலை போய்ப் பொருந்துற வாங்கியைத் தொற்றின்ரை நேரத்திலேயே தடுத்தால் மாற்றம் குறையுது.

இப்ப சொல்லுக்கு வருவம்.

> "தொற்று நினைவு" என்று வைத்தால் எல்லாருக்கும் உடனே விளங்கும்.

விளங்கும் மாஸ்ரர், ஆனால் வேற ஒண்டாய் விளங்கும். ஏ.எல் (உயர்தரப்) பிள்ளையளுக்கு நினைவுக்கலம் எண்டால் பீ கலமும் ரீ கலமும்தான், குறிப்பிட்ட ஒரு கிருமியை அடையாளம் கண்டு வைச்சிருக்கிறது. நாங்கள் கதைக்கிறது எந்தக் கிருமி எண்ட விபரம் இல்லாத ஒரு மாற்றத்தை. சின்னமுத்தை (தட்டம்மையை) எடுத்துப் பாருங்கோ, 2019 இலை வந்த ஆய்வொண்டிலை தடுப்பூசி போடாத 77 பிள்ளையளைப் பாத்தவை, சின்னமுத்து வந்து போன பிறகு முந்தி இருந்த பிறபொருளெதிரி (கிருமியைப் பிடிக்கிற புரதம்) வகைகளிலை 11 இலை இருந்து 73 வீதம் வரைக்கும் இல்லாமல் போச்சுது. அது நினைவுக்கலங்களே அழிஞ்சதாலை வந்தது, நினைவு போன கதை. அதையும் இதையும் ஒரே சொல்லுக்கை போட்டால் பிள்ளையள் குழம்பிப்போடுங்கள்.

டொக்டர் அக்கா "தழும்பு" எண்டு போட்டிருந்தா. அது எனக்கும் கொஞ்ச நாள் மனசிலை நிண்ட சொல்லுத்தான், ஏனெண்டால் ஹெப்பரைரிஸ் சீ வைரசை மருந்தாலை முழுக்கத் துடைச்ச பிறகும், நீண்ட தொற்றாலை களைச்சுப்போன ரீ கலங்களிலை அந்தக் களைப்பின்ரை அடையாளம் மாறாமல் நிக்குது, அதைத் தழும்பு எண்டு சொன்னால் பொருந்தும். ஆனால் எல்லாம் கேடு இல்லை அக்கா. இஞ்சை இலங்கையிலை பிறக்கிற பிள்ளைக்கு ஆஸ்பத்திரியிலை இருந்து வீட்டை போகமுந்திப் போடுற பீ.சீ.ஜீ (காசநோய்த் தடுப்பு) ஊசியைப் பாருங்கோ. 2012 இலை நெதர்லாந்திலை நெற்றேயா எண்ட ஆய்வாளரின்ரை குழு, அந்த ஊசி போட்ட ஆக்களின்ரை மொனோசைற்றிலை ஹிஸ்ரோன் அடையாளம் மாறுறதையும், மூண்டு மாதத்துக்குப் பிறகும் அவை வேற கிருமிகளுக்கும் கூடுதலாய் எதிர்வினை காட்டுறதையும் காட்டினது. அது வைரசு இல்லை, உயிருள்ள பற்றீரியா, ஆனால் பதியிற விதம் இதுதான். (அதுக்காக பீ.சீ.ஜீ போட்டால் கோவிட் வராது எண்டு ஆரும் எழுதிப்போடாதையுங்கோ, சுகாதார ஊழியர்களிலை செய்த பெரிய பரிசோதனையிலை அப்பிடிக் காப்பாற்றினதாய்க் காணேல்லை.) மற்றது, பிள்ளையின்ரை இடது கையிலை உண்மையாகவே ஒரு பீ.சீ.ஜீ தழும்பு வருது, குடும்பநல மருத்துவிச்சி அக்காமார் அதைப் பாத்து எழுதுறவை, அந்தச் சொல்லை நாங்கள் எடுத்தால் கிளினிக்கிலை எந்தத் தழும்பு எண்டு கேப்பினம்.

ஆகவே நல்லதோ கெட்டதோ எண்டு முன்கூட்டியே சொல்லாத, பரம்பரை எண்டும் சொல்லாத ஒரு சொல்லு வேணும். சுவடு அதுக்குப் பொருந்துது. ஒண்டு வந்து போனது, போன பிறகும் அடையாளம் கிடக்குது. அது எழுத்துக்கு மேலை படியிறதாலை மேற்சுவடு. வைரசாலை வந்ததைக் குறிச்சுச் சொல்ல வேணுமெண்டால் தொற்றுச்சுவடு. துறைக்கு மேற்சுவட்டியல். சொல்லு வசனத்துக்கை நடமாடுதோ எண்டும் பாத்தன்: "மொனோசைற்றிலை மேற்சுவடு பதிஞ்சிருக்குது", "மேற்சுவட்டு மாற்றம் ஒரு வருசம் நிக்குது", "அந்த மருந்து சுவட்டை அழிக்குது". எங்கையும் இடறேல்லை. மேற்பிறப்புரிமையியல் மாற்றம் எண்டு ஒருக்கா வாய்விட்டுச் சொல்லிப்பாருங்கோ, மூச்சு முட்டும்.

இந்த அடையாளங்களை ஒட்டி எடுக்கிற நொதியங்களுக்கும் (என்சைம்) இதிலை இருந்தே பேர் வரும். அடையாளத்தை ஒட்டுறது சுவடுபதிப்பி, எடுக்கிறது சுவடழிப்பி. அசசிற்றிடின் எண்ட மருந்து சிலவகை இரத்த நோய்களுக்குக் குடுக்கிறது, அது மெதைல் சுவடுபதிப்பியைத் தடுக்குது எண்டு ஒரே வரியிலை எழுதலாம்.

> மரபு என்ற சொல்லை எடுத்துவிட்டால், போர்க்காலத் துன்பம் பிள்ளைகளுக்குக் கடத்தப்படுகிறது என்று இப்போது எழுதுகிறார்களே, அதை எப்படிச் சொல்வது?

மாஸ்ரர், உதுக்காகத்தான் நான் இவ்வளவு எழுதுறன். எங்கடை ஊரிலை அந்தக் கதை எவ்வளவு ஆழமாய்ப் போய்ச்சேரும் எண்டு உங்களுக்குத் தெரியும். இரத்தத்திலையும் என்பு மச்சையிலையும் இருக்கிற கலத்திலை பதிஞ்ச சுவடு அந்த உடம்புக்கை, கலம் பிரிஞ்சு வாற கலத்துக்குத்தான் போகும், பிள்ளை உருவாகிறது முட்டையும் விந்தும் சேர்ந்து. கருக்கட்டின பிறகு பழைய மெதைல் சுவடுகளிலை பெரும்பங்கு அழிஞ்சு திரும்பவும் புதிசாய்ப் பதியுது. தலைமுறை தாண்டிப் போறது எண்டு எழுதிற ஆள் "தலைமுறை கடக்கும் மேற்சுவடு" எண்டு தனியாய்ச் சொல்லட்டும், அப்ப அது தனியாய் நிறுவவேண்டிய ஒரு கூற்று எண்டது வாசிக்கிற ஆளுக்குத் தெரியும். சொல்லுக்குள்ளேயே மரபு இருந்தால், டெங்கு வந்து போன ஒரு தாய் "என்ரை பிள்ளைக்கும் இது போயிருக்குமோ" எண்டு பயப்பிடுவா, அப்பிடிப் பயப்பிட வைக்கிற உரிமை எங்களுக்கு இல்லை.

தமிழகத்து நண்பர்கள் மரபணு எண்டு எழுதுறவை, நாங்கள் பரம்பரையலகு, அவை செல், நாங்கள் கலம். இந்தச் சொல்லிலை இரண்டு பக்கத்துச் சொல்லும் இல்லாதபடியால் இரண்டு இடத்திலையும் சண்டை இல்லாமல் போகும். 1847 இலை வந்து மானிப்பாயிலை தமிழிலேயே வைத்தியம் படிப்பிச்ச அமெரிக்க மிசன் வைத்தியர் கிறீன் காலத்திலை இருந்து யாழ்ப்பாணத்திலை இந்த வேலை நடக்குது, இந்தச் சொல்லையும் நாங்கள் பொறுப்பாய்ச் செய்யவேணும்.

மிச்சம் ஒண்டு முடிவெடுக்கக் கிடக்குது. நெற்றேயா ஆக்கள் 2011 இலை இப்பிடி முன்னைய தொற்றாலை கலம் பழகிற நிலைக்கு வைச்ச "trained immunity" எண்ட பேருக்கு நான் "பயின்ற நிர்ப்பீடனம்" எண்டு எழுதி வைச்சிருக்கிறன், டொக்டர் அக்கா "பயிற்றிய நிர்ப்பீடனம்" எண்டு நிக்கிறா. வைரசு ஒரு ஆசிரியர் மாதிரி நிண்டு பயிற்றேல்லை, கலம்தான் பட்டுப் பழகினது, அதாலை நான் பயின்ற எண்ட பக்கம். மாஸ்ரர், இலக்கணப்படி இரண்டிலை எது நிக்கும் எண்டு ஒருக்கா எழுதுங்கோ, சஞ்சிகைக்குக் கட்டுரையைக் குடுக்கமுந்தி மாத்திப்போடுறன்.