வீட்லயே எம்டிபி (மவுன்டெயின் பைக்) வீலை ட்யூப்லெஸ் ஆக்கிக்க முடியுமா? முள்ளு தாங்கலைங்க

வாய்க்காக்கரை:
வணக்கங்க. கோபி பக்கம் நானு. காலைல கீழ்பவானி வாய்க்கா கரை மேலதான் ஓட்டறது, லாரி தொந்தரவு இல்லாம அருமையா இருக்கும், ஆனா கரை நெடுக சீமக்கருவேல முள்ளு, அது இல்லாத எடத்துல நெருஞ்சி. பஞ்சர் இல்லாத வாரமே இல்லைங்க, ட்யூப்ல ஒட்டு மேல ஒட்டு போட்டு இனி ஒட்டறதுக்கு எடமில்ல.

வண்டி 29 இஞ்ச், டயர் 2.25. ரிம் டபுள் வால் (ரெண்டு அடுக்கு), உள் அகலம் 25 மிமீன்னு போட்டிருக்கு. வால்வு பைக்ல இருக்கற மாதிரி தடி வால்வு. டயர் கம்பி வச்சது, மடிக்க வராது. ட்யூப்லெஸ் ரெடின்னு ரிம்லயும் இல்ல டயர்லயும் இல்ல. கடைல கேட்டா புது வீல்செட்டே வாங்கிருங்கன்றாங்க. ரிம்ல இன்சுலேஷன் டேப்ப சுத்தி, பைக்குக்கு ஊத்தற பச்சை ஜெல்ல ஊத்திட்டா ஆகாதா? செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க.

துருப்பிடிச்ச செயின்:
புது வீல்செட் வேண்டாம்ங்க, ரிம் டபுள் வால்னா பெரும்பாலும் ஒப்பேத்திடலாம். ஆனா டயர் மாத்தியே ஆகணும். ட்யூப் டயரோட ஓரம் ரிம்ம இறுக்கிப் பிடிக்காது, கம்மி காத்துல ஒரு வேர் மேல சாஞ்சு திரும்பினா பொசுக்குன்னு காத்து போயிடும், மொத்தமா கழண்டும் வரலாம். ட்யூப்லெஸ் ரெடின்னு பக்கத்துல அச்சடிச்ச டயரா பாத்து வாங்குங்க. அதுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க.

இன்சுலேஷன் டேப் கூடவே கூடாது. வெயில்ல அதோட பசை இளகி நகந்துடும். எல்லாரும் சீலன்ட் (உள்ள ஊத்தி ஓட்டைய அடைக்கற திரவம்) எந்த கம்பெனின்னே கேக்கறாங்க, விஷயமெல்லாம் டேப்லதான் இருக்கு. 1999ல மாவிக், ஹட்சின்சன், மிஷலின் சேந்து யூஎஸ்டின்னு ஒரு ட்யூப்லெஸ் முறைய கொண்டு வந்தாங்க, அந்த ரிம்ல டயர் பக்கம் ஸ்போக் ஓட்டையே கிடையாது, அதனால டேப்பும் தேவைப்படல. நம்ம ரிம்ல ஒவ்வொரு ஸ்போக்குக்கும் ஒரு ஓட்டை இருக்கே, அத்தனையையும் காத்து போகாம அடைக்கறது அந்த டேப் ஒண்ணுதான்.

25 மிமீ ரிம்முக்கு 28ல இருந்து 30 மிமீ அகலத்துல ட்யூப்லெஸ் டேப் வாங்குங்க, ரெண்டு சுவத்துலயும் லேசா ஏறி நிக்கணும். பழைய ரப்பர் பட்டையை உரிச்சு எடுத்துட்டு ஸ்பிரிட்டு போட்டு பிசுக்கு போற வரைக்கும் துடைங்க, அப்புறம் கை விரல் கூட உள்ள படக்கூடாது. டேப்ப நல்லா இழுத்துப் பிடிச்சு ஒட்டணும், நடுவுல இருக்கற பள்ளத்துல பாலம் மாதிரி தொங்காம கட்டை விரலால அழுத்திக்கிட்டே வாங்க. வால்வு ஓட்டைய தாண்டி ஒரு சாண் மேல ஏத்தி முடிங்க. அதுக்கப்புறம் ட்யூபோட டயர மாட்டி காத்தடிச்சு ஒரு ராத்திரி விட்டுருங்க, டேப் அதுவா அழுந்திக்கும். வால்வு ஓட்டைய பிளேடால கீறாதீங்க, கீறல் ஓடிக்கிட்டே போகும். ஆணிய சூடு பண்ணி ஒரு குத்து, போதும்.

உங்க ரிம் ஓட்டை 8.5 மிமீ இருக்கும், கடைல ஈசியா கிடைக்கற பிரெஸ்டாங்கற ஒல்லி வால்வு 6.5 மிமீ ஓட்டைக்கு செஞ்சது, ஆடும். தடி வால்வுலயே ட்யூப்லெஸ்ஸுக்குன்னு தனியா வருது, கேட்டு வாங்குங்க.

சமவெளி சைக்கிள்காரன்:
அண்ணன் டேப் பத்தி சொன்னது கரெக்ட். ஆனா நம்மாளுங்க மாட்டிக்கிட்டு முழிக்கறது அடுத்த கட்டத்துலதான். சாதா பம்ப்ல எவ்ளோ அடிச்சாலும் அடிக்கற காத்து பூரா ஓரத்துலயே போயிட்டிருக்கும், டயர் ரிம்ல உக்காராது. அதுக்கு ஒரு வழி இருக்கு, ராத்திரி ட்யூபோட வச்சீங்கல்ல, காலைல ஒரு பக்கம் மட்டும் கழட்டி ட்யூப எடுத்துட்டு வால்வ மாட்டுங்க, இன்னொரு பக்கம் உக்காந்தது உக்காந்தபடியே இருக்கும், பாதி வேலை முடிஞ்சது. ஓரத்துல சோப்புத் தண்ணி தடவி, வால்வு பின்னை கழட்டிட்டு அடிச்சா காத்து சடார்னு உள்ள போகும். அதுலயும் ஆகலைன்னா பஞ்சர் கடைக்கு தூக்கிட்டு போங்க, கம்ப்ரஸர்ல ரெண்டே செகண்ட்தான். டப் டப்னு சத்தம் கேக்கும், பயந்துடாதீங்க, டயர் உக்கார்ற சத்தம்தான் அது. கடைக்காரர் பைக் நெனப்புல அடிச்சுட்டே போவாரு, 40 பிஎஸ்ஐக்கு மேல விடாதீங்க, மீட்டர் உங்க கையில இருக்கட்டும்.

டயர் உக்காந்ததும் காத்த விட்டாலும் கழண்டு வராது. வால்வு வழியா சிரிஞ்சுல சீலன்ட் ஒரு 100 மிலி ஏத்தி, பின்னை போட்டு காத்தடிச்சு வீல சுத்துங்க, அப்புறம் படுக்க வச்சு ஆட்டுங்க, ரெண்டு பக்கமும். ஊத்தறதுக்கு முன்னாடி பாட்டில நல்லா குலுக்கணும், ஓட்டைய அடைக்கற துகள் எல்லாம் அடியில தங்கிடும். பச்சை ஜெல் வேண்டாம், சைக்கிள் டயர் சுவர் மெல்லிசு, அதுல கசியற நுண்ணு ஓட்டைங்கள ரப்பர் பால் சீலன்ட்தான் அடைக்கும்.

ரெண்டு சக்கர சாமி:
எல்லாரும் ஆசை காட்டறீங்க, நான் கொஞ்சம் தண்ணி ஊத்தறேன். நம்ம ஊரு வெயிலுக்கு சீலன்ட் ரெண்டு மூணு மாசத்துலயே காஞ்சு உள்ள ரப்பர் தோலா ஒட்டிக்கும், திரும்ப ஊத்தணும், செலவு நிக்காது. மாசத்துக்கு ரெண்டு தடவை வண்டி எடுக்கறவருக்கு இது வெட்டி வேலை. அவங்க தடி வால்வு ட்யூப்லயே பின்னை கழட்டி சீலன்ட் ஊத்திட்டா நெருஞ்சிக்கு அதுவே தாங்கும். ஆனா வாய்க்காக்கரை அண்ணன் தினமும் முள்ளுல போறாரு, அவருக்கு ட்யூப்லெஸ் நியாயம்தான்.

கோதையாறு:
மார்த்தாண்டம் பக்கம் நான். எங்க வீட்டுப் பின்னால ரப்பர் மரம்தான், காலைல வெட்டுன பால் அப்படியே இருக்கு. சீலன்ட்டும் ரப்பர் பால்தானே, அத ஊத்தினா போராதா?

துருப்பிடிச்ச செயின்:
அதே பால்தான் தலைவா, ஆனா பச்சைப் பால் ஒரு நாள் கூட தாங்காது, உறைஞ்சுடும். உறையாம இருக்க அமோனியா கலப்பாங்க, அளவு கூடினா அலுமினிய ரிம்ம அரிச்சுடும். சீக்கிரம் காயாம இருக்க வேற திரவமும், ஓட்டைய அடைக்க துகளும் சேக்கணும். ரப்பர் ஷீட் அடிக்க வச்சிருக்கறத டயர்ல ஊத்திட்டு அப்புறம் பால் கட்டிய சுரண்டிட்டு இருக்காதீங்க.

வாய்க்காக்கரை:
எல்லாத்துக்கும் நன்றிங்க. புது டயர், டேப், வால்வு வாங்கிப் போட்டாச்சு. பின்வீல் ஜம்முன்னு நிக்குது. முன்வீல்ல மட்டும் சாயங்காலம் 30 பிஎஸ்ஐ வச்சா காலைல 15 தான் இருக்கு. சோப்புத் தண்ணி அடிச்சுப் பாத்தேன், வால்வுக்கு எதிர் பக்கம் ஸ்போக் நிப்பிள்ல குமிழி வருதுங்க. அந்த எடத்துல மட்டும் டேப்ப பிரிச்சு ஒட்டினா போதுமா?

சமவெளி சைக்கிள்காரன்:
போதாதுங்க. ரிம் உள்ள குழாய் மாதிரி, காத்து ஒரு எடத்துல டேப்புக்கு அடியில நுழைஞ்சு எங்க வழி கிடைக்குதோ அங்க வெளிய வரும். குமிழி எதிர் பக்கம் வந்தாலும் முதல்ல வால்வு ஓட்டைகிட்ட பாருங்க, முக்காவாசி அங்கதான் இருக்கும். வால்வு நட்ட பிளையர் போடாம கையால இறுக்கிப் பாருங்க, அதுலயும் நிக்கலைன்னா டேப் முழுசா உரிச்சு மறுபடியும்தான். டயர் சுவத்துல அங்கங்க ஈரப் புள்ளி தெரிஞ்சா அது மட்டும் ரெண்டு நாள்ல நின்னுரும், வண்டிய ஓட்டுங்க.

அப்புறம் காத்து, உங்க எடை 70 கிலோ கிட்டன்னா முன்னாடி 22, பின்னாடி 25ல ஆரம்பிச்சு பாருங்க. ஸ்பேர் ட்யூப் ஒண்ணு பையில எப்பவும் இருக்கட்டும். வழியில அத போட வேண்டி வந்தா டயர் உள்பக்கம் பூரா துணிய வச்சு தடவிப் பாத்துட்டு போடுங்க, சீலன்ட் அடைச்ச முள்ளெல்லாம் அப்படியே நுனி நீட்டிக்கிட்டு இருக்கும், எங்கிட்ட ஒரு டயர்ல கை வச்சா சீப்பு மாதிரி இருந்துச்சு.

வாய்க்காக்கரை:
வால்வு ஓட்டைதாங்க. ஆணி கொஞ்சம் பெருசா போச்சு போல, டேப் ஒரு பக்கம் கிழிஞ்சு இருக்கு. ஞாயித்துக்கெழமை உரிச்சு ஒட்டறேன். ஏற்கனவே ஊத்தின சீலன்ட்ட சிரிஞ்சுல உறிஞ்சி திரும்ப ஊத்திக்கலாங்களா?

துருப்பிடிச்ச செயின்:
தாராளமா. கட்டி இருந்தா மட்டும் வடிகட்டிடுங்க. வீட்ல டீ வடிகட்டிய எடுத்துடாதீங்க.