‘தொடர்சுமை’ வேண்டாம்: பயிரறை மின்கையேட்டுக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். வீட்டுக்குள் பயிரறை அமைத்து விளக்கொளியில் கீரை வளர்ப்போருக்கான மின்பாதுகாப்புக் கையேட்டின் மூன்றாம் பகுதியைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டிருக்கிறது. பல மணி நேரம் நிறுத்தமின்றி மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருக்கும் கருவிகளின் சுமையைக் குறிக்க, வரைவில் ‘தொடர்சுமை’ என்ற சொல் ஆளப்பட்டுள்ளது. அச்சொல்லை நீக்க வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

மின்னியலில் ‘தொடர்’ என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. தொடரிணைப்பு, பக்க இணைப்பு என்று தமிழகப் பாடநூல்களில் படித்தவரும், தொடர், சமாந்தரம் என்று இலங்கைப் பாடநூல்களில் படித்தவரும் ‘தொடர்சுமை’ என்றதும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட விளக்குகளையே நினைப்பார்கள். மற்ற இடங்களில் இதைச் சிறு குழப்பம் என்று விட்டுவிடலாம். பயிரறையில் விட முடியாது. அடுக்குத் தட்டுகளில் பொருத்தும் நீள்குழாய் எல்.இ.டி. விளக்குகளை ஒன்றன் வாலில் அடுத்ததைச் செருகி, முதல் விளக்கை மட்டும் பிளக் பாயிண்டில் மாட்டுவது அங்கே அன்றாட வழக்கம். பார்வைக்குத் தொடராக நிற்கும் அவ்விளக்குகள் மின்னியல்படி பக்க இணைப்பில் இருக்கின்றன; ஒவ்வொன்றும் தன் பங்கு மின்னோட்டத்தைத் தனியே இழுக்கிறது. ஆகவே முதல் விளக்கின் பிளக்கும் கம்பியும் கடைசி விளக்கு வரையிலான மின்னோட்டம் முழுவதையும் சுமக்கின்றன. இதை விளக்கும் பத்தியிலேயே ‘தொடர்சுமை’ என்ற சொல்லும் வந்தால், படிப்பவர் எதை எதனோடு பொருத்திப் பார்ப்பார்?

இச்சொல் என்ன பொருளைத் தாங்க வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டுப் பிறகு தேடுவோம். சிங்கப்பூரில் மின்னழுத்தம் 230 வோல்ட். 3,000 வாட் கொதிகெண்டி ஏறத்தாழ 13 ஆம்பியரை இழுக்கிறது. சில நிமிடத்தில் தண்ணீர் கொதித்ததும் நின்றுவிடுகிறது. பிளக்கின் ஊசிகளும் அவற்றைக் கவ்வும் தகடுகளும் சூடேறத் தொடங்கும்போதே ஆறவும் தொடங்கிவிடுகின்றன. பயிரறையில் நிலைமை வேறு. 1,150 வாட் விளக்குகள் 5 ஆம்பியர், ஈரப்பதம் நீக்கும் கருவி 460 வாட்டுக்கு 2 ஆம்பியர், மின்விசிறிகளும் நீரேற்றியும் சேர்ந்து 115 வாட்டுக்கு அரை ஆம்பியர் என்று தொடங்குபவர், அறுவடை நன்றாக வந்ததும் இன்னொரு 1,150 வாட்டுக்கு விளக்கு வாங்குகிறார். கூட்டினால் 12.5 ஆம்பியர். எக்ஸ்டென்ஷன் பெட்டியின் மேல் 13 என்று அச்சிட்டிருக்கிறது. கணக்கு இடம் கொடுக்கிறது என்று அவர் நினைத்துக்கொள்கிறார். ஆனால் அது நாளொன்றுக்கு 16 மணி நேரம் ஓடும் 12.5 ஆம்பியர். இணைப்பில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கேற்ப (வர்க்கத்துக்கேற்ப) ஏறுவதால், 10 ஆம்பியரில் இருந்ததைவிட 12.5 ஆம்பியரில் வெப்பம் ஒன்றரை மடங்குக்கும் மேல். சூடு தகட்டின் பிடியைத் தளர்த்துகிறது. தளர்ந்த பிடியின் தடை கூடுகிறது. கூடிய தடை மேலும் சூட்டைப் பெருக்குகிறது. நான் கழற்றிப் பார்த்த கருகிய பிளக்குகளில் பெரும்பாலானவை இப்படி மாதக்கணக்கில் மெல்ல வெந்தவைதான். மின்கசிவால் கருகியவை அரிது.

இந்த வேக்காட்டைக் காணக்கூடிய கருவி எதுவும் வீட்டின் மின்பகிர்வுப் பெட்டியில் (டி.பி.) இல்லை என்பதே சொல்லின்மேல் நான் இவ்வளவு பாரத்தை ஏற்றுவதற்குக் காரணம். மின்கசிவுத் துண்டிப்பியை, அதாவது நாம் ஆர்.சி.சி.பி. என்று சொல்வதை, சிங்கப்பூரில் புதிய வீடுகளுக்கு 1985 ஜூலை முதல் கட்டாயமாக்கினார்கள். அதற்கு முந்தைய வீடுகளும் பொருத்தியாக வேண்டும் என்று 2023 ஜூலையில் விதி வந்து, ஈராண்டு அவகாசமும் 2025 ஜூலையோடு முடிந்தது. அது 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் மின்சாரத்தைத் துண்டித்து உயிரைக் காக்கும். கசியாமல் கருகும் பிளக்கை அது அறியாது. எம்.சி.பி. என்னும் மிகைமின் துண்டிப்பியோ தன் அளவை மீறினால்தான் விழும்; 20 ஆம்பியர் துண்டிப்பிக்கு 12.5 ஆம்பியர் ஒரு பொருட்டே அன்று. பிளக்கினுள் இருக்கும் 13 ஆம்பியர் உருகியும் அந்த அளவில் அசையாது. ஆக, எவ்வளவு என்பதை அளக்கும் காவலர்கள் உண்டு. எவ்வளவு நேரம் என்பதை அளப்பவர் திட்டமிடுபவர் ஒருவர்தான். அவர் கையில் இருக்கும் தாளில் நேரம் என்ற செய்தி சொல்லிலேயே இருக்க வேண்டும் என்பது என் வாதம்.

குழுவில் இதுவரை வந்த முன்மொழிவுகளுக்கு வருகிறேன். ‘நிலைச்சுமை’யைக் கட்டடப் பொறியாளர்கள் முன்பே எடுத்துக்கொண்டார்கள், தூணும் தளமும் தம் எடையால் தரும் சுமைக்கு அது பெயர். ‘மாறாச்சுமை’ அளவு மாறாததைச் சொல்கிறது, நேரத்தைச் சொல்லவில்லை. சுமையா, பளுவா என்று ஒருவர் கேட்டிருந்தார். மின்பளு என்பதும் நல்ல வழக்குதான், ஆனால் கையேட்டின் முதல் இரு பகுதிகளும் சுமை என்றே அச்சாகிவிட்டன, அதைக் கிளற வேண்டாம். என் மனம் ‘ஓயாச்சுமை’ என்பதில் நிற்கிறது. கேட்ட மாத்திரத்தில் பொருள் விளங்குகிறது. ஓயாத வேலை ஆளை அயர்த்துவதைப் போல ஓயாத சுமை கம்பியை அயர்த்தும் என்ற எச்சரிக்கையும் அதற்குள் இருக்கிறது.

எண்களைப் பற்றியும் ஒரு சொல். இணையத்தில் கிடைக்கும் பயிரறைக் குறிப்புகளில் பெரும்பாலானவை அமெரிக்கர்களுடையவை. அங்கே 120 வோல்ட் என்பதால் நம் 5 ஆம்பியர் விளக்கு அங்கே 9.6 ஆம்பியர் இழுக்கும். உச்ச மின்னோட்டம் 3 மணி நேரமோ அதற்கு மேலோ நீடிக்கக்கூடிய சுமையைத் தனி வகையாகப் பிரித்து, பொதுவாகச் சுற்றின் அளவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அதற்குக் கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. சிங்கப்பூரின் மின்னமைப்பு விதித்தொகுப்பான எஸ்.எஸ். 638 பிரிட்டிஷ் மரபைத் தழுவியது. அம்மரபின் அடிப்படை, சுமையின் மின்னோட்டத்தைவிடத் துண்டிப்பியின் அளவும், துண்டிப்பியைவிடக் கம்பியின் தாங்குதிறனும் குறையாமல் இருக்க வேண்டும் என்பதே. ஆகவே ‘ஐந்தில் நான்கு’ என்பதைக் கையேட்டில் சிங்கப்பூர் விதி என்று எழுதக் கூடாது. நல்ல பழக்கம் என்று எழுதலாம். அப்படிப் பார்த்தால் 13 ஆம்பியர் பிளக்கில் 10.4 ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மேலே சொன்னவர் அதை எப்போதோ தாண்டிவிட்டார். அவருக்குத் தனிச்சுற்று தேவை, அதை இழுக்க எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளர் தேவை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் முதன்மை இணைப்பே 30 ஆம்பியரா 40 ஆம்பியரா என்று முதலில் பார்க்க வேண்டியதும் அந்த மின்பணியாளர்தான்.

சூழலின் வெப்பத்தையும் கையேடு விட்டுவிட்டது. கம்பிகளின் தாங்குதிறன் அட்டவணைகள் 30 பாகை செல்சியஸை அடிப்படையாக வைத்தவை. நம் ஊரில் வெளியிலேயே பகலில் 31, 32 பாகை. விளக்கு இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் கடைசியில் வெப்பமாகவே அறையில் தங்கும். போர்க்காலப் பாதுகாப்புக்காகக் கட்டப்பட்ட வீட்டுப் புகலறைக்குள் தட்டு அடுக்கி வளர்ப்பவர்களை நான் அறிவேன். தடித்த சுவர், சன்னல் இல்லை, துளையிடக் கட்டுப்பாடு, ஆகவே கதவிடுக்கு வழியாக ஓர் எக்ஸ்டென்ஷன் கம்பி, மிச்ச நீளம் சுருளாக மூலையில். சுருட்டிய கம்பிக்கு வெப்பத்தை வெளியேற்ற வழி ஏது? இந்த ஒரு காட்சியைக் கையேட்டில் படமாகப் போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

(பயிரறை என்று தேடினால் வெளிநாட்டுப் பக்கங்கள் கஞ்சாச் செடியையே காட்டும் என்பது நமக்குத் தெரியும். அதை வளர்ப்பது இங்கே கடுங்குற்றம். கையேட்டின் படங்களில் கைலான், பாக் சோய், கங்கோங் ஆகிய கீரைகள் மட்டும் இருக்கட்டும்.)

ஈசூனிலிருந்து,
ஒரு மின்பணியாளர்

மறுமொழி

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். ‘தொடர்’ பற்றித் தாங்கள் கூறியதை முழுமையாக ஏற்கிறேன். வகுப்பில் மாணவர்களுக்கு மின்சுற்றுப் பாடம் நடத்துபவள் என்ற முறையில், அந்தக் குழப்பம் நிச்சயம் வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

ஆனால் ‘ஓயாச்சுமை’யை ஏற்க இயலவில்லை. நேரக்கட்டுப்பாட்டுச் சாவி வைத்த விளக்கு இரவில் எட்டு மணி நேரம் அணைந்திருக்கிறது. ஓயவே ஓயாத கருவிக்கு மட்டும்தான் இந்த விதி என்று படிப்பவர் எடுத்துக்கொண்டால், நீரேற்றியை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொண்டு விளக்குகளை விட்டுவிடுவார். தாங்கள் அஞ்சுவது விளக்குகளைத்தானே? எச்சரிக்கை ஒலிக்கும் சொல் என்பதற்காக உண்மையல்லாத சொல்லை வைக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

நான் முதலில் நெடுஞ்சாலையைப் போல ‘நெடுஞ்சுமை’ என்று எண்ணிப் பார்த்தேன். சுருக்கமாக இருந்தது, கொதிகெண்டியைக் ‘குறுஞ்சுமை’ என்று இணை சொல்லவும் வாய்ப்பிருந்தது. பிறகு நானே அதைக் கைவிட்டேன். குறுமைக்குச் சிறுமை என்ற பொருளும் உண்டு. வீட்டிலேயே மிக அதிகமாக மின்சாரம் இழுக்கும் கருவிகளுள் ஒன்றைக் குறுஞ்சுமை என்றால் எப்படி? மேலும் ‘குறுஞ்சுற்று’ (ஷார்ட் சர்க்யூட்) என்ற சொல் பக்கத்திலேயே இருக்கிறது. பதற்றத்தில் தொலைபேசியில் சொல்பவர் ஒன்றை மற்றொன்றாகச் சொல்லிவிடுவார். எனவே அழகு சற்றுக் குறைந்தாலும் ‘நெடுநேரச் சுமை’, ‘சிறுநேரச் சுமை’ என்று வெளிப்படையாகவே எழுதலாம் என்பது என் கருத்து. நேரம் சொல்லிலேயே இருக்க வேண்டும் என்று கேட்டவர் தாங்கள்தான்.

இன்னொன்றும் உண்டு. பிளக் பாயிண்டுக்குச் சற்றுக் கீழே கம்பியைத் தொங்கவிட்டு மேலே வளைத்துச் செருகினால், கம்பி வழியே வழியும் நீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும் என்று இரண்டாம் பகுதியில் உள்ளது. அதற்கு அங்கே பெயரே இல்லை. ‘சொட்டு வளைவு’ என்று வைக்கலாமா?

தோ பாயோவிலிருந்து,
ஓர் ஆசிரியை

மறுமொழி

அன்புள்ள அம்மையீர்,

சொட்டு வளைவு மிகப் பொருத்தம். அதில் பேச ஒன்றுமில்லை. இரண்டாம் பகுதி அச்சாகிவிட்டதால் படத்தின் அடியில் ஒட்டும் சிட்டையாக அதைச் சேர்த்துவிடலாம்.

‘ஓயாச்சுமை’யை நான் உடனே விட்டுவிடவில்லை என்பதை மறைப்பானேன். சொல்லாக்கத்தில் நமக்கு வாய்த்த சொல்லின்மேல் ஒரு பிடிப்பு வந்துவிடுகிறது. இரண்டு நாள் இரண்டு சொற்களையும் வேலைக்குக் கொண்டுபோனேன். நான் சென்ற ஒரு வீட்டில், மூத்த அம்மா ஒருவர் பின்கட்டு அறையில் வெந்தயக்கீரையும் சாய் சிம் கீரையும் வளர்க்கிறார். “பாட்டிம்மா, இந்த விளக்கு ஓயாச்சுமை, இதோடு வேறெதையும் இந்தப் பெட்டியில் மாட்டாதீர்கள்” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, “அது ராத்திரியெல்லாம் ஓஞ்சுதானே கிடக்குது தம்பி” என்றார். தாங்கள் எழுதியதையே அவரும் சொன்னார்.

அடுத்த நாள் வேறொரு வீட்டில், கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள், “இது நெடுநேரச் சுமை” என்று மட்டும் சொல்லி நிறுத்தினேன். அந்தப் பெண் உடனே, “எத்தனை மணி நேரத்துக்கு மேல் போனால் நெடுநேரம் அண்ணா?” என்று கேட்டார். நான் விரும்பியதெல்லாம் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதுதான். ‘ஓயா’ என்ற சொல் அக்கேள்விக்கு இடமே தராது.

ஆகவே கையேட்டில் இச்சொல்லுக்கான உள்ளீட்டைக் கீழ்க்கண்டவாறு திருத்தியிருக்கிறேன். ‘சிறுநேரச் சுமை’ தனி உள்ளீடாக வேண்டாம், எடுத்துக்காட்டுக்குள் வந்தால் போதும் என்பது என் எண்ணம். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

நெடுநேரச் சுமை: மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ ஒரே மூச்சில் மின்சாரத்தை இழுக்கும் கருவி அல்லது கருவிகளின் கூட்டுச் சுமை. பயிரறையில் விளக்கு, ஈரப்பதம் நீக்கி, மின்விசிறி, நீரேற்றி ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். நாளின் மிச்ச நேரத்தில் அணைந்திருந்தாலும் அடங்கும். கொதிகெண்டி சிறுநேரச் சுமை. மூன்று மணி என்பது அமெரிக்க விதியிலிருந்து எடுத்த அளவுகோல், சிங்கப்பூர்ச் சட்ட வரம்பு அன்று. 13 ஆம்பியர் பிளக் ஒன்றில் நெடுநேரச் சுமையை 10 ஆம்பியருக்குள் வைத்துக்கொள்க; மிஞ்சினால் தனிச்சுற்றுக்கு உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைக்க.

ஈசூனிலிருந்து,
அதே மின்பணியாளர்