புதுப்பிப்பு: தேனீயின் மின்னேற்றம் கடைசியில் தெரிந்தது

தேனீயின் உடலிலுள்ள மின்னேற்றத்தை மல்ரிமீற்றர் ஏன் பூச்சியமாகக் காட்டுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது. தேனீ பறக்கும்போது சேர்க்கும் நேர்மின்னேற்றம் பிக்கோகூலோம் (கூலோமில் இலட்சங்கோடியில் ஒரு பங்கு) கணக்கில்தான். தேனீயை அளக்க வைக்கும் தகரப் பேணியின் மின்கொள்ளளவு (மின்னேற்றத்தைத் தேக்கும் திறன்) 100 பிக்கோபரட் என்றால், அதற்குள் 30 பிக்கோகூலோம் வந்தால் 0.3 வோல்ற்று. மோசமில்லை. ஆனால் சாதாரண மீற்றரின் தடை 10 மெகாஓம். அதன் வழியே எல்லாம் சில மில்லிசெக்கனில் வடிந்துவிடும்.

அதனால் மிக உயர்ந்த உள்ளீட்டுத் தடையுள்ள சிஏ3140 என்ற விரியலாக்கிச் சில்லைப் போட்டேன். பால்மாப் பேணிக்குள் இருபக்கமும் வெட்டிய ரின்மீன் பேணி, இடையில் தேன்மெழுகுக் கட்டிகள். மெழுகு மின்னைக் கடத்தாத அருமையான காவலி! தேன்பெட்டி வாசலில் வைத்ததும், திரும்பிவரும் தேனீ தொடாமல் உள்ளே பறந்தால் அலைகாட்டியில் (வோல்ற்று மாறுவதைக் கோடாகக் காட்டும் கருவி) ஒரு மேடு எழுந்து அடங்குகிறது. உட்சுவரில் இறங்கினால் கோடு மேலேயே நின்று மெல்லச் சரிகிறது. அதைப் பார்த்தபோது வந்த சந்தோசம் சொல்லி முடியாது.

பூக்களின் மின்புலத்தை வண்டுத்தேனீக்கள் உணர்வதை 2013இல் பிறிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம் வன்னிப் பெட்டிகளில் இருப்பது வேறு இனம் என்பதால்தான் எனக்கு இவ்வளவு ஆர்வம்.

அளப்பதென்றால் சோளகம் வீசும் காய்ந்த பகலில் அளந்து பாருங்கள். மாரியில் ஈரம் படிந்து காவலியே கசியும். தேனீயைப் பிடிக்கவே வேண்டாம், பாவம்.